விசைப்படகு இஞ்சின் ஹோஸ்களைச் சோதிப்பது எப்படி: தடைக்காலத்துக்கான முழு வழிகாட்டி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். பெயின்ட் அடிப்பார்கள், புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்ட் பார்ப்பார்கள், இஞ்சினுக்கு ஆயில் மாற்றுவார்கள். ஹோஸ்கள் மட்டும் ‘ஒழுகலையே, அப்புறம் என்ன’ என்ற ஒரு பேச்சில் தப்பிவிடும்.

ஒழுகுவது என்பது ஒரு ஹோஸ் கெட்டுப்போவதில் கடைசிக் கட்டம். பெரும்பாலான ஹோஸ்கள் உள்ளிருந்துதான் கெடுகின்றன. அதிலும் நடுப்பகுதியைவிட கிளிப் மாட்டியிருக்கும் முனைகளில். வெளித்தோல் கறுப்பாக நன்றாகவே இருக்கும். உள்ளே ரப்பர் வெடித்து, நடுவிலுள்ள நூல்பின்னல் தண்ணீரில் ஊறிப்போயிருக்கும். அதனால் இந்த வேலையில் கண்ணைவிட விரலுக்கு வேலை அதிகம்.

எவ்வளவு பெரிய விஷயம் இது என்பதற்கு ஒரு கணக்கு. நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே உள்ள ஒன்றரை அங்குலக் கடல்நீர் ஹோஸ், கடல்நீரை உள்ளே விடும் வால்வின் வாயிலிருந்து (ஹோஸ் ஏறும் குழாய் முனை) கழன்றுவிட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 8 டன்னுக்கு மேல். இஞ்சின் ஓடினால்தான் ஓடும் பம்பை மட்டும் நம்பியிருக்கும் படகில், தண்ணீர் ஏறி இஞ்சின் நின்றவுடன் இறைக்கவும் வழியில்லாமல் போகும். படகு மூழ்காவிட்டாலும் பாக் நீரிணையில் வேறொரு கவலை உண்டு. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் ஜூன் மாதம் கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் காலம். இஞ்சின் நின்ற படகை அது கிழக்கே, இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளும்.

தொடங்கும் முன்

இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தைய நாள் நிறுத்தியதாக இருந்தால் நல்லது. சூடான இஞ்சினில் கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்க உள்ளே சுற்றும் திரவம்) மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். படகு தண்ணீரில் இருந்தால் கடல்நீர் வால்வையும் மூடுங்கள். மூட வரவில்லையா? அப்படியானால் இன்றைய முதல் பழுது அதுதான். மூட முடியாத வால்வில் மாட்டிய ஹோஸைக் கடலில் வைத்துக் கழற்ற முடியாது.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை: நல்ல டார்ச், கைக்கண்ணாடி, பழைய துணி, 7 மற்றும் 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், ஒரு சின்ன காந்தம், அட்டைத் துண்டு, வெள்ளை பெயின்ட் மார்க்கர், நோட்டு. கை நுழையாத இடத்துக்கு செல்போனை வீடியோவில் போட்டு உள்ளே நீட்டுங்கள். கண்ணாடி காட்டாததையும் அது காட்டிவிடும்.

படி 1: துடைத்து, எண் போட்டு, படம் வரையுங்கள்

எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஹோஸில் எதுவும் தெரியாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துக் காயவிடுங்கள். டீசலால் துடைக்கும் பழக்கம் பல படகுகளில் இருக்கிறது, அதை விடுங்கள். கூலண்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்பட்டவை. வெந்நீரைத் தாங்கும் அந்த ரப்பர் டீசலிலும் ஆயிலிலும் உப்பிப்போகும்.

அப்புறம் ஒரு ஹோஸைக்கூட விடாமல் பின்தொடர்ந்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண் கொடுங்கள். கடல்நீர், கூலண்ட், டீசல், ஆயில், ஹைட்ராலிக், காற்று, சைலன்சர் என்று பிரித்தால் போதும். இந்த வேலையில்தான் யாரும் பார்க்காத ஹோஸ்கள் வெளிவரும்: கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்குப் பின்னால் போகும் குட்டை ஹோஸ், தரைப்பலகைக்கு அடியில் ஓடும் டீசல் ரிட்டர்ன் லைன். ஹோஸின் மேல் தயாரிப்புத் தேதி அச்சாகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ‘2க்யூ21’ (2Q21) என்ற மாதிரி இருந்தால் 2021-ன் இரண்டாவது காலாண்டு என்று பொருள். கூலண்ட் ஹோஸுக்கு 5 ஆண்டு, நல்ல டீசல் ஹோஸுக்கு 10 ஆண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. நம் இஞ்சின் ரூம் வெக்கைக்கு அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

படி 2: கடல்நீர் ஹோஸ்கள்

படகை மூழ்கடிக்கக்கூடியவை இவை. அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள், நிதானமாகப் பாருங்கள்.

வால்விலிருந்து பம்ப் வரை போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அதற்குள் கம்பிச் சுருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சின் வேகமெடுக்கும்போது ஹோஸ் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. லாரி ரேடியேட்டர் ஹோஸை இங்கே மாட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அதே ஹோஸ் கூலண்ட் பக்கத்தில் தாராளமாக ஓடும், உறிஞ்சும் பக்கத்தில் ஆகாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஹோஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூட்டில் அது இளகி வாயிலிருந்து நழுவும்.

கம்பிச் சுருள் உள்ள ஹோஸை அழுத்திப் பார்க்க முடியாது, வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கோடுகளாக வெடிப்பு தெரிந்தால் ரப்பர் முதுமை அடைந்துவிட்டது. ஓரத்தில் துருக்கறை கசிந்திருந்தால் உப்புநீர் உள்ளே நுழைந்து கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே வேறு குறையே தெரியாவிட்டாலும் அந்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஓரிடத்தில் மிதிபட்டு நசுங்கியிருந்தால் கம்பி தானாக நிமிராது. தண்ணீர் போகும் வழி அங்கே குறுகியபடியே இருக்கும்.

வெளியே நன்றாக இருந்தும் இஞ்சின் சூடேறுகிறது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரும் சரி, வடிகட்டியும் சுத்தம் என்றால், ஹோஸை ஒரு முனையில் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ரப்பர் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கலாம். இஞ்சின் நின்றிருக்கும்போது அது வழிவிடும், உறிஞ்சும்போது வாயை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்காமல் பம்பையே மாற்றியவர்கள் உண்டு.

இனி கிளிப்புகள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக இருக்க வேண்டும். ஆனால் ஹோஸ் ஏறியிருக்கும் வாய் குட்டையாக இருந்தால் இரண்டாவது கிளிப் வாயைத் தாண்டி வெறும் ஹோஸின் மேல் உட்கார்ந்து அதை அறுக்கும். அங்கே ஒரே கிளிப்பைச் சரியாகப் போடுவதே மேல். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் சாதா இரும்பு என்ற கிளிப்புகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. காந்தத்தைத் திருகின் மேல் வையுங்கள். பலமாக இழுத்தால் அது கடல்நீருக்கு ஆகாது. நல்ல கிளிப்பாக இருந்தாலும் திருகு உட்காரும் பெட்டிக்கு அடியில், காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் இடத்தில் அரிக்கும். மேல்பக்கம் மின்னும், அடிப்பக்கம் பட்டை பாதி போயிருக்கும். அதனால் ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கட்டுக்கம்பியால் முறுக்கிய முனை கண்ணில் பட்டால் அதையும் பழுதுக் கணக்கில் எழுதுங்கள்.

ஹோஸ் ஏறும் பித்தளை வாயையும் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது, தட்டினால் பொடியும். அதன் மேல் புது ஹோஸ் மாட்டிப் பயனில்லை.

படி 3: கூலண்ட் ஹோஸ்கள்

விரல் பேசும் இடம் இதுதான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஹோஸின் நடுவில் அழுத்துங்கள், அப்புறம் கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் அழுத்துங்கள். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முனையில் மட்டும் தளர்வாக, உள்ளே நீளவாக்கில் பள்ளம் ஓடுவது போல விரலுக்குத் தட்டுப்பட்டால், உள்ரப்பர் வெடித்துவிட்டது. கூலண்ட், இரும்பு வாய், ரப்பரிலுள்ள கரி மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாக வேலை செய்து ரப்பரை உள்ளிருந்து கிழிக்கும் மின்வேதி அரிப்பு இது. வெளியே ஒரு அடையாளமும் காட்டாது.

மற்ற குறிகளும் விரலுக்கே தெரியும். கட்டை மாதிரி விறைத்து, அழுத்தினால் ‘கிறீச்’ என்று நொறுங்கும் சத்தம் வந்தால் சூட்டில் வெந்துவிட்டது. பஞ்சு போல மெத்தென்று, கை பிசுபிசுத்தால் ஆயில் ஊறிவிட்டது; இங்கே ஹோஸை மட்டும் மாற்றினால் போதாது, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தேடவும் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால் நூல்பின்னல் அறுந்துவிட்டது. புடைப்பு உள்ள ஹோஸோடு அடுத்த டிரிப் போகாதீர்கள்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த பொருக்கு இருந்தால் சூட்டில் மெல்லக் கசிந்து காய்கிறது. சொட்டாததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் படகுகளில் இந்தப் பொருக்கு கூடுதலாகவே இருக்கும்; உள்ளேயும் அதே உப்பு படிகிறது என்பதால் கூலண்டுக்கு மாறுவது ஹோஸுக்கும் நல்லது, இஞ்சினுக்கும் நல்லது.

உரசல் தடங்களையும் தேடுங்கள். இஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் ஆடும், படகின் சட்டம் ஆடாது. நடுவில் போகும் ஹோஸ் பிராக்கெட் முனையிலோ போல்ட் தலையிலோ நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டிருக்கும். மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், பழைய ஹோஸை நீளவாக்கில் கீறி அந்த இடத்தில் உறையாகப் போட்டுக் கட்டிவிடலாம். நூல் தெரிந்துவிட்டால் ஹோஸ் முடிந்தது. துறைமுகத்தில் நீண்ட நாள் கட்டிக்கிடக்கும் படகில் எலிக்கடியும் இருக்கும்; இரண்டிரண்டாகப் பல் பதிந்த தடம் அது.

படி 4: சைலன்சர் ஹோஸ்

கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியே விடும் வகை இஞ்சினாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். அந்த ரப்பர் ஹோஸ் உயிரோடு இருப்பதே தண்ணீர் குளிர்விப்பதால்தான். தண்ணீர் நின்று ஒருமுறை இஞ்சின் சூடேறியிருந்தால், அன்றைக்கு ஒன்றும் ஆகாதது போலத் தெரிந்தாலும், கழற்றி உட்புறம் கருகியிருக்கிறதா, உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கரிப்புகைத் தடம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வருகிறது. ஆட்கள் படுத்துத் தூங்கும் படகில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. மேல்நோக்கிப் போகும் உலர் சைலன்சராக இருந்தால், பக்கத்தில் ஓடும் வேறு ஹோஸ் எதுவும் அதைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 5: டீசல் ஹோஸ்கள்

இதில் இரண்டு பக்கம் உண்டு, இரண்டும் வெவ்வேறு விதமாகக் கெடும். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை விழுந்தால் டீசல் சொட்ட வேண்டும் என்பதில்லை, காற்று உள்ளே போகலாம். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, அடிக்கடி ‘ஏர்’ எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டியிருப்பது, ஓடும்போது வேகம் ஏறி இறங்குவது எல்லாம் அதன் குறிகள். ஃபில்டருக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸை மாட்டி ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பார்த்தவுடன் கழற்றிவிடுங்கள், அது நிரந்தரமாக இருக்கக் கூடாத இடம்.

பம்புக்கு அப்பால் கசிந்தால் வெளியே வரும். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஹோஸை முழு நீளமும் இழுத்துத் துடைத்து முகர்ந்து பாருங்கள். துடைத்த ஹோஸில் மறுநாள் மீண்டும் தூசி ஈரமாக ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது. பேன்ஜோ போல்ட் (டீசல் உள்ளே ஓடும்படி துளையிட்ட போல்ட்) உள்ள இடங்களில் ஹோஸைக் குறை சொல்லும் முன் செப்பு வாசரை மாற்றிப் பாருங்கள். ஒருமுறை இறுக்கிக் கழற்றிய வாசர் மறுபடி சரியாக அடைக்காது.

டீசல் ஹோஸ் வாங்கும்போது மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். ஐஎஸ்ஓ 7840 என்றால் தீயை 2½ நிமிடம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. ஐஎஸ்ஓ 8469 என்றால் எரிபொருளுக்கு ஏற்றது, ஆனால் தீத்தாங்கி அல்ல. இஞ்சின் ரூமுக்குள் முதல் வகைதான் வேண்டும். விலை கூடத்தான். ஆனால் டீசல் சுமார் 210 டிகிரிக்கு மேல் நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும். பாரத்தோடு ஓடும் இஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போவின் உடல் 400 டிகிரியைத் தாண்டும். டர்போவுக்கு மேலாகவோ பக்கமாகவோ போகும் டீசல், ஆயில் ஹோஸ்களை வழிமாற்றிக் கட்டுங்கள்.

ஃபைபர் படகில் பெட்ரோல் அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ஹோஸும் கையால் அழுத்தும் ரப்பர் பல்பும் அதில் உப்பி, உள்ளே உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். பல்பு அழுத்தினால் கெட்டியாகி நிற்க வேண்டும். நிற்காமல் தளர்ந்தால் எங்கோ காற்று வாங்குகிறது, இல்லையென்றால் உள்ளே வால்வு போய்விட்டது.

படி 6: ஹைட்ராலிக்கும் இன்ஜெக்டர் பைப்பும், கை வைக்காதீர்கள்

இன்ஜெக்டர் பைப் ஹோஸ் அல்ல, டீசலை அதிக அழுத்தத்தில் இஞ்சினுக்குள் செலுத்தும் இரும்புக் குழாய். ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். இஞ்சின் ஓடும்போது கசிவைத் தேடி அதன் மேல் கையை ஓட்டாதீர்கள். பழைய பம்ப் வகையிலேயே 200 பாருக்கு மேல் அழுத்தம் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புதிய காமன் ரெயில் வகை இஞ்சினில் 1,600 பாரைத் தாண்டும். தோலைத் துளைக்க 7 பார் போதும். ஊசித்துளையிலிருந்து சீறும் டீசலோ ஹைட்ராலிக் ஆயிலோ தோலுக்குள் புகுந்தால் முதலில் ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம் என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டுங்கள்; ஈரம் அதில் தெரியும்.

ஸ்டியரிங், வின்ச் ஹைட்ராலிக் ஹோஸ்களை இஞ்சின் நின்று அழுத்தம் இறங்கிய பிறகு பாருங்கள். மேல்தோல் வெடித்து உள்ளே கம்பிப்பின்னல் தெரிகிறதா, கொப்புளம் இருக்கிறதா, முனையில் அழுத்திப் பிடித்த இரும்பு உறை துருப்பிடித்திருக்கிறதா? ஹோஸின் நீளத்துக்கு அச்சிட்டிருக்கும் எழுத்து நேர்கோட்டில் போக வேண்டும். அது கொடி போலச் சுற்றிப் போனால் மாட்டும்போதே முறுக்கிவிட்டார்கள், சீக்கிரம் போய்விடும். இறுக்கமாக நேர்கோட்டில் இழுத்துக் கட்டியிருந்தாலும் தவறு. அழுத்தம் ஏறும்போது இந்த ஹோஸ் நீளத்தில் சற்றுச் சுருங்கும் என்பதால் கொஞ்சம் தளர்வு வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸை வெட்டி ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம்.

டர்போ காற்று ஹோஸ்களில் பார்க்க வேண்டியது குறைவு: கிளிப் இறுக்கம், மடிப்புகளில் கிழிசல், சுற்றிலும் கரித்தூசி. சிலிகான் ஹோஸாக இருந்தால் துளையிட்ட பட்டை கிளிப் அதைச் சீவிவிடும்; உட்புறம் வழுவழுப்பான பட்டை உள்ளது வேண்டும்.

படி 7: ஓடவிட்டுப் பாருங்கள்

கரையில் பார்த்ததெல்லாம் பாதிதான். படகு இறங்கியதும் நன்றாகக் கட்டிவைத்து, முதலில் ஐடிலிலும் பிறகு கியர் போட்டு வேகம் ஏற்றியும் பாருங்கள். தளர்ந்த உடை, துண்டு, லுங்கி நுனி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஏற்றும்போது கடல்நீர் உறிஞ்சும் ஹோஸ் சுருங்குகிறதா? இஞ்சின் ஆட்டத்தில் எந்த ஹோஸ் எதைத் தொடுகிறது? சூடேறிய பிறகு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து கூலண்ட் முனைகளைத் திரும்பப் பாருங்கள். ஓட்டம் நின்றதும் சூடு கொஞ்சம் ஏறும். அதுவரை மறைந்திருந்த கசிவு அப்போது எட்டிப் பார்க்கும்.

மாற்றும்போது

பழைய ஹோஸைத் திருப்புளியால் நெம்பி எடுத்தால் வாய் கீறல்படும், புது ஹோஸ் அந்தக் கீறலில் ஒழுகும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது. வாயை நைலான் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். புது ஹோஸ் ஏறாவிட்டால் முனையை வெந்நீரில் நனையுங்கள், சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ வேண்டாம். சீலன்ட் பூசிச் சரிகட்ட வேண்டிய அளவுக்குத் தளர்வாக இருந்தால் அது தவறான அளவு ஹோஸ். கிளிப்பை முனையிலிருந்து கால் அங்குலம் உள்ளே வைத்து, ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் இறுக்குங்கள். பட்டை ரப்பருக்குள் புதையும்வரை இறுக்குவது ஹோஸை அறுப்பதுதான்.

இறுக்கியதும் ஹோஸ் நுனியையும் வாயையும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஹோஸ் நழுவினாலோ திரும்பினாலோ கோடு முறிந்து தெரியும். டிரைவர் இஞ்சின் ரூமுக்குள் ஒருமுறை டார்ச் அடித்தாலே போதும்.

கடலில் வைத்திருக்க வேண்டியவை: வார்ப்பில் வளைந்து வந்த கூலண்ட் ஹோஸ்களில் ஒவ்வொன்று, ஒரு மீட்டர் கடல்நீர் ஹோஸ், ஒவ்வொரு அளவிலும் நான்கு கிளிப், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், ஒவ்வொரு கடல்நீர் வால்வின் பக்கத்திலும் கயிற்றில் கட்டிய மர ஆப்பு. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றும் பழைய கைவைத்தியமும் கூலண்ட் ஹோஸில் கரைவரை கொண்டுவந்து சேர்க்கும். இஞ்சின் ஆறிய பிறகு சுற்றி, கூலண்ட் மூடியை முதல் படிவரை மட்டும் திருகி அழுத்தம் ஏறாமல் வைத்து, மெதுவாக ஓட்ட வேண்டும். இடையிடையே தண்ணீர் அளவைப் பார்க்கவும் வேண்டும். டீசல் ஹோஸில் இந்த வித்தை செய்யாதீர்கள்.

புது ரப்பர் முதல் சில சூட்டிலேயே கொஞ்சம் அமுங்கும். அதனால் தடைக்காலம் முடிந்து முதல் டிரிப் போய் வந்ததும், இஞ்சின் ஆறிய பிறகு, மாற்றிய ஹோஸ்களின் கிளிப்புகளுக்கு எல்லாம் இன்னொரு கால் சுற்று தேவைப்படுகிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.